பின் இடது கதவுக் கண்ணாடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது காதுவழி வந்த கதை இல்லை. பாதி, எதிர்வீட்டுக்காரர் தன் வாயாலேயே என் வீட்டுக்காரரிடம் சொன்னது. மீதி, என் ஜன்னலிலிருந்து நானே பார்த்தது. பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை, அணைந்துபோன விளக்கு என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான். இது பட்டப்பகலில் நடந்தது. மதியம் 2 மணி 40 நிமிடம். தெருவில் காக்காய்கூட இல்லை. வெயில்... அப்படி ஒரு வெயில்.

எதிர்வீட்டுக்காரருக்குத் தெருவில் நாங்கள் வைத்த பெயர் 'ஒரிஜினல்'. முப்பத்திரண்டு வருஷம் சான்றிதழ் சரிபார்க்கிற கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர். நகலை நீட்டினால் விரலால்கூடத் தொடமாட்டார். "ஒரிஜினல் எங்கே?" என்பார். எத்தனை பேரை வெயிலில் திரும்பி நடக்கவிட்டாரோ, அந்தக் கணக்கு அவருக்கே தெரியாது. ஓய்வு பெற்றதும் கவுன்ட்டர் போனது, வாய் போகவில்லை. தேன் வாங்கினால், ஒரிஜினலா? செருப்பு வாங்கினால், ஒரிஜினலா? என் வீட்டுக்காரர் பல்செட் கட்டிக்கொண்டு வந்த அன்று, வாசலிலேயே நிறுத்தி, "ஒரிஜினல் எத்தனை மிச்சம்?" என்று கேட்ட மனிதர்.

இவர் போய் ஒரு பழைய காரை வாங்கினார். அறுபது வயசுக் கார். நீளமாக, நாலு கதவோடு, முன்பக்கம் பல்லைக் காட்டி இளிக்கிற மாதிரி ஒரு மூஞ்சி. யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் வருஷக்கணக்காகத் தூசி தின்றுகொண்டிருந்தது. அதைப் புதுப்பித்து விற்றால் ராஜா ஆகிவிடலாம் என்று யாரோ காதில் ஊதியிருக்கிறார்கள். நிறுத்த இடம்? அதற்கும் வழி கண்டுபிடித்தார். வீட்டு ஹாலின் தெருப்பக்கச் சுவரை இடித்து, ஷட்டர் போட்டு, காரை ஹாலுக்குள் ஏற்றிவிட்டார். சோபா படுக்கையறைக்குப் போனது. கட்டில் சமையலறை வாசலை மறித்தது. வீட்டில் ஒழுங்காகக் காற்று வரும் ஒரே ஃபேன் காரின் தலைக்கு மேலேதான் சுற்றியது. காற்று வேண்டுமென்றால் அவர் மனைவி காரின் பின் கதவைத் திறந்துவைத்து, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து கீரை ஆய்வாள். இதை நானே பார்த்திருக்கிறேன்.

நாலு வருஷம் பொறுத்தாள். ஐந்தாவது வருஷம் ஒரு நாள் காலையில் பையோடு தெருவில் இறங்கினாள்.

"கார் வெளிய போனாத்தான் நான் உள்ள வருவேன்!"

மூன்று வீடு தள்ளிக் கேட்கிற மாதிரி சொன்னாள். ஆட்டோவில் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது வயிற்றெரிச்சலில் ஒரு காரியம் செய்தாள். காரின் இரண்டு சாவிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சமைக்கத் தெரியாத மனிதர். பேச ஆளில்லாத வீடு. இரண்டே வாரத்தில் கன்னம் ஒட்டிவிட்டது. காரை விற்றே ஆகவேண்டும். விற்றால்தான் மனைவி.

வாங்கவிருந்த பணக்காரர் தன் சார்பில் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பினார். ஒல்லியான ஆள். கையில் டார்ச், ஒரு சின்னக் கண்ணாடி, நூலில் கட்டிய காந்தம். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பூசிய பட்டிதான் இருக்கிறதென்று அர்த்தமாம். இன்ஜின் நம்பர் பார்த்தார். சேசிஸ் நம்பர் பார்த்தார். தலையாட்டிக்கொண்டே வந்தவர், பின் இடது கதவிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"என்ன சார் இது?"

"கதவு."

"அது தெரியுது. எந்த வண்டியோடது?"

நம்மவர் கதவை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார்.

"மத்த மூணு கதவுலயும் உள் விளிம்புல 417னு குத்தியிருக்கு. இதுல 902. கண்ணாடியைப் பாருங்க. அந்த மூணுலயும் மூலையில கம்பெனி முத்திரை, கீழ நாலு புள்ளி. வண்டி வந்த வருஷத்துக்கு அதான் அடையாளம். இதுல ஒண்ணுமே இல்ல."

"பெயின்ட் ஒரே மாதிரிதானே அடிச்சிருக்கேன்? வித்தியாசம் தெரியுதா?"

"பெயின்ட் நூறு தடவை அடிக்கலாம் சார். ஒரிஜினலா ஒரு தடவைதான் இருக்க முடியும்." டார்ச்சை அணைத்தார். "எங்காளு பளபளப்பை வாங்க வரல. பழசை வாங்க வர்றார். கீறல் இருக்கட்டும், துரு இருக்கட்டும், அதோட கதவா இருக்கணும். இது இப்படியே இருந்தா பாதி விலைகூடத் தேறாது. அவர் வாங்கவே மாட்டார்."

ஒரிஜினல் எங்கே என்று ஊரையே விரட்டியவரை, அவர் வீட்டு ஹாலில் வைத்தே ஒருத்தர் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார். தெருவில் சிலருக்கு அன்று ராத்திரி சாப்பாடு ருசியாக இறங்கியது. பொய் சொல்வானேன், எனக்கும்தான்.

ஆனால் மனிதர் விடவில்லை. இரண்டு மாதம் பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்கினார். கடைசியில் ஊர்க்கோடியில் ஒரு கடை. உடைந்த குளிர்சாதனப் பெட்டிகளுக்குப் பின்னால் கதவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. ஒரே ஒரு கதவு மட்டும் தனியாக, சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தது. திருப்பிப் பார்த்தார். உள் விளிம்பில் 417. கண்ணாடி முழுசாக இருந்தது. மூலையில் முத்திரை. நாலு புள்ளி.

"என்ன விலை?"

"எடுத்துட்டுப் போங்க," என்றார் கடைக்காரர்.

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"எடுத்துட்டுப் போனாப் போதும்னு சொன்னேன்."

சரியான ஏமாளி என்று நினைத்துக்கொண்டாராம் நம்மவர். பழைய இரும்புக் கடைக்காரன் ஒரு பொருளைச் சும்மா கொடுத்தால் யார் ஏமாளி என்று யோசித்திருக்க வேண்டாமோ?

திங்கட்கிழமை. மதியம் 2:15க்குக் கதவை மாட்டி முடித்தார்கள். 'தப்'பென்று ஒரே சத்தத்தில் உட்கார்ந்தது. பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி. மதிப்பீட்டாளருக்குப் போன் போட்டார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றார். வேலையாட்கள் போனார்கள். காரின் நாலு கதவையும் பூட்டிவிட்டு, முகம் கழுவப் போனார்.

2:40.

'டக்.'

வந்து பார்த்தார். பின் இடது கதவின் பூட்டுக் குமிழ் மேலே எழும்பியிருந்தது. வெயிலில் இரும்பு விரிந்திருக்கும் என்று நினைத்தார். அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

செவ்வாய். 2:40. அந்தக் கதவின் கண்ணாடியில் மட்டும் ஆவி படிந்திருந்தது. உள்பக்கம். குளிர்காலத்தில் படிந்தால் சரி. ஹாலே அடுப்பு மாதிரி கொதிக்கிறபோது? இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர், "ஆவியா?" என்று கேட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். எதிர்வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

புதன். 2:40. ஆவி. அதன் நடுவே ஒரு உள்ளங்கைத் தடம். சின்னக் கை. வளையல் போடுகிற அளவு மணிக்கட்டு. வெளியிலிருந்து துடைத்தார். போகவில்லை. உள்ளே ஏறி உட்கார்ந்து துடைத்தார். போனது.

வியாழன். இரண்டு தடங்கள். பின் சீட்டில் புதிதாக ஸ்பிரிங் போட்டுத் தைத்த மெத்தை, இடது ஓரத்தில் பள்ளமாக அமுங்கியிருந்தது. யாரோ ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்த மாதிரி. கதவைத் திறக்கிற உள்கைப்பிடி பிடுங்கப்பட்டுக் கீழே கிடந்தது.

அவருக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது? பின் சீட்டில் உட்கார்ந்து பழகியது யார்? விற்பனையைக் கெடுக்க வேண்டுமென்றே, தான் தூங்குகிற நேரமாகப் பார்த்து வந்துபோகிறாள்! போனை எடுத்தார்.

"வந்து வண்டிய நோண்டுறியா?"

"உங்க வண்டிய நான் விளக்குமாத்தால கூடத் தொடமாட்டேன்."

"சாவி எங்க?"

"என் பையில."

"அது ஒரிஜினல் சாவி. ரெண்டையும் சேர்த்துக் குடுத்தாத்தான் மதிப்பு."

"எனக்கு இருக்கா அந்த மதிப்பு?"

"சாவியக் கேட்டேன்."

"நாளைக்கு மதியம் கொண்டாந்து மூஞ்சியில எறியறேன். போதுமா?"

வெள்ளிக்கிழமை.

ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. என் ஜன்னலிலிருந்து காரின் பின்பாதி நன்றாகத் தெரியும். அன்று மதியம் அவள் வருவாள் என்று காலையில் அவரே வாசலில் சொல்லியிருந்தார்; வருகிறாளா என்று பார்க்கத்தான் நின்றேன். நடுவில் ஐந்து நிமிஷம் பாத்திரம் கழுவ உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர் படுக்கையறையிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார்.

2:40.

'டக். டக். டக்.'

காருக்குள்ளிருந்து.

கண்ணாடி முழுக்க ஆவி. அதற்குப் பின்னால் மங்கலாக ஒரு தலை, ஒரு தோள். உள்ளங்கை கண்ணாடியில் அறைந்தது. வளையல் சத்தம் தெருவரை கேட்டது. அந்த ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டாள் போல என்று நினைத்தேன்.

அவரும் அப்படித்தான் நினைத்தார்.

"வந்துட்டியா? சாவியக் குடுத்துட்டு எறங்கு."

'டக். டக்.'

"எறங்குன்னு சொல்றேன்ல?"

கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. தன் சாவியைப் போட்டுத் திருப்பினார். சாவி திரும்பியது. பூட்டு திறக்கவில்லை. முன் கதவு... அதுவும் இல்லை. அந்தப் பக்கம் ஓடினார். நாலுமே இல்லை.

2:43.

"உள்ள குமிழத் தூக்கு! நடிக்காத!"

'டக் டக் டக் டக்...'

நடிப்பில்லை என்று அவருக்கு அப்போது புரிந்தது. உள்கைப்பிடி நேற்றே பிடுங்கிக் கிடந்ததும் ஞாபகம் வந்தது.

2:45. சுத்தியலோடு வந்தார். ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

கண்ணாடியின் மூலையில் முத்திரை. நாலு புள்ளி.

நாளைக் காலை பத்து மணி.

வேறு கண்ணாடியை உடைக்கலாம் என்று சுற்றிவந்தார். முன்பக்கம், முத்திரை. வலப்பக்கம், முத்திரை. பின்னால், முத்திரை. அந்தக் காரில் உடைப்பதற்கு ஒரு டூப்ளிகேட் கண்ணாடிகூட இல்லை. நாலு வருஷம் பாடுபட்டு அப்படி ஆக்கி வைத்திருந்தார்.

2:47. சுத்தியலைக் கீழே வைத்தார். ஒரு திருப்புளியைத் தேடி எடுத்தார். அதன் முனையில் துணி சுற்றினார்... பெயின்டில் கீறல் விழக்கூடாதே. கதவிடுக்கில் மெதுவாக நுழைத்தார்.

"இரு... இரு... பாத்துட்டேதான் இருக்கேன்..."

'டக்... டக்...'

2:49.

'டக்.'

2:50.

சத்தம் இல்லை.

உள்ளங்கை கண்ணாடியில் வழுக்கிக் கீழே இறங்கியது. மெதுவாக. ஆவியில் ஐந்து கோடு விழுந்தது.

2:51.

உடைத்தார்.

உள்ளேயிருந்து சூடான காற்று அவர் முகத்தில் அடித்தது. யாரோ அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டது போல.

பின் சீட் காலி.

யாரும் இல்லை.

படுக்கையறையில் போன் அடித்தது. போய் எடுத்தார். 2:52.

"இப்பத்தான் கிளம்பலாம்னு பாத்தேன். மண்ட பொளக்குது வெயில். சாயங்காலமா வர்றேன்..." அவர் மனைவி. அக்கா வீட்டிலிருந்து. "ஹலோ? இருக்கீங்களா?"

"வராத," என்றார். அவ்வளவுதான் வாயில் வந்தது.

அவள் பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே கண்ணாடிக் கடையில் சாதாரணக் கண்ணாடி வெட்டி வாங்கி மாட்டினார். முத்திரை கிடையாது. புள்ளி கிடையாது. பாதி விலை கிடைத்தாலும் சரி, தொலைந்தால் போதும் என்ற நிலை. உடைந்த துண்டுகளை ஒரு அட்டைப்பெட்டியில் அள்ளி என் வீட்டு வாசலருகே குப்பையில் கொட்டினார். அப்போதுதான் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

சனிக்கிழமை காலை பத்து மணி. மதிப்பீட்டாளர் வந்தார். காந்தம் போட்டார். 417 பார்த்தார். கண்ணாடி மூலைக்கு டார்ச் அடித்தார். நம்மவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பிரமாதம் சார். நாலு புள்ளி. எல்லாமே ஒரிஜினல்."

கண்ணைத் திறந்தார். குனிந்து பார்த்தார். விரலால் தடவினார்.

முத்திரை இருந்தது. நாலு புள்ளிகளும் இருந்தன.

"உள்பக்கம் கொஞ்சம் ஆவி படியுது," என்றார் மதிப்பீட்டாளர். "ரப்பரை மட்டும் பாத்துக்குங்க."

முழு விலை பேசி முடிந்தது. வாங்கியவர் முதல் ரசீது இருந்தால் நல்லது என்றார். அதற்காக ஞாயிற்றுக்கிழமை, காரை முதலில் வைத்திருந்தவரின் மகன் வீட்டுக்குப் போனார். அந்த மகனுக்கே இப்போது எழுபதை நெருங்குகிற வயசு. ரசீதைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் சும்மா கேட்டார்.

"அந்த ராசியில்லாத கதவை நானே கழட்டித் தூரப் போட்டேன். வேற கதவோடத்தானே விக்கறீங்க?"

"இல்ல... தேடிப் புடிச்சு மாட்டிட்டேன்."

மகன் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கம்மா அந்தக் கதவுக்குப் பின்னாலதான் செத்தாங்க. மதியம். கல்யாணத்துக்குக் கிளம்பி, முதல்ல ஏறி உக்காந்தாங்க. நாலு கதவுப் பூட்டும் சிக்கிக்கிச்சு. உள்கைப்பிடி கையோட வந்துடுச்சு. எனக்கு அப்ப ஏழு வயசு."

"உங்கப்பா?"

"வெளியதான் நின்னார். வண்டி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஏழு மாசம் காத்திருந்து வாங்கினது. உடைக்க மனசு வரல. சாவி ரிப்பேர்காரனுக்கு ஆள் அனுப்பினார். அவன் வர நாப்பது நிமிஷம் ஆச்சு."

நம்மவர் கையிலிருந்த ரசீதை நாலாக மடித்தார்.

"அதான் சார் அந்தக் கண்ணாடி ஒரிஜினலாவே இருக்கு."

திங்கட்கிழமை கார் போனது. புதன்கிழமை ஷட்டரை எடுத்துவிட்டுச் சுவர் கட்டினார்கள். சோபா ஹாலுக்குத் திரும்பியது. ஃபேனுக்குக் கீழே இடம் காலியானது. மனைவிக்குச் சேதி அனுப்பினார். கார் வெளியே போய்விட்டது, நீ உள்ளே வரலாம்.

வியாழக்கிழமை மதியம் வந்தாள். அதே பை. வெயிலில் முகம் சிவந்திருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று நான்தான் கூப்பிட்டேன். கூப்பிடாமல் இருந்திருக்கலாம். கூப்பிட்டாலும் சொல்லாமல் இருந்திருக்கலாம். நம் வாய்தான் நிற்காதே. தட்டிய சத்தம், ஓங்கிய கை, துணி சுற்றிய திருப்புளி, எல்லாம் சொன்னேன். "அந்த நாப்பது நிமிஷத்துக்கு உன் வீட்டுக்காரர் தேவலாம்மா, பதினோரு நிமிஷம்தான்," என்று ஆறுதல்போல வேறு சொன்னேன்.

தம்ளரைக் கீழே வைத்தாள்.

"உள்ள இருக்கறது நான்னு நினைச்சுக்கிட்டா பதினோரு நிமிஷம்?"

"ஆமா..."

"பதினொண்ணுன்னு அவரா சொன்னார்?"

"அவருக்கு எங்கே தெரியும்? நான்தான் கடிகாரத்தைப் பார்த்தேன்."

"எங்கருந்து?"

"இங்கருந்துதான். இந்த ஜன்னல்..."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அங்கிருந்து தன் வீட்டைப் பார்த்தாள். தெரு எத்தனை அடி அகலம் என்று அளக்கிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்தாள்.

"உள்ள யார் இருக்கறதா நீங்க நினைச்சீங்க அக்கா?"

புருஷன் பெண்டாட்டி விவகாரம், நமக்கு எதற்கு என்று நினைத்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பையிலிருந்து அந்த இரண்டாவது சாவியை எடுத்தாள். ஜன்னல் விளிம்பில் வைத்தாள். எதிர்வீட்டுப் பக்கம் திரும்பாமலே, வந்த வழியே நடந்தாள். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிடவில்லை.

இது நடந்து இன்றோடு ஆறு நாள். சாவி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நான் தொடவில்லை.

இப்போது மணி 2:40. வெளியே நெருப்பாய்க் கொளுத்துகிறது.

என் ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கிறது.

உள்பக்கமா, வெளிப்பக்கமா... இன்னும் விரல் வைத்துப் பார்க்கவில்லை.